கத்தி படுவதற்கு முன் ஓர் ஊசி

தமிழ்நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் 100க்கு 45 பேர் சிசேரியனில் பிறக்கிறார்கள். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு தரும் துல்லியமான எண் 44.9 விழுக்காடு. தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இந்தியச் சராசரி 21.5தான். இந்த எண்கள் வெளிவரும்போதெல்லாம் நாம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறோம்: இத்தனை ஆபரேஷன்கள் தேவைதானா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறோம். அடிவயிற்றில் தையலோடு வீட்டுக்குப் போன பெண்ணுக்கு அடுத்த ஒரு மாதத்தில் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. தையல் ஆறிவிடுகிறது. சிலருக்கு ஆறாம் நாளோ பத்தாம் நாளோ காய்ச்சல் அடிக்கிறது. தையல் போட்ட இடம் சிவந்து வீங்குகிறது. நீர் கசிகிறது, சீழ் வைக்கிறது, தையல் பிரிந்துகொள்கிறது. கருப்பைக்குள் தொற்று ஏறினால் அது இரத்தத்தில் கலந்து உயிரையே பறிக்கக்கூடும். சுகப்பிரசவத்தைவிட சிசேரியனில் தொற்று வரும் வாய்ப்பு 5 முதல் 20 மடங்குவரை கூடுதல் என்று மருத்துவ ஆய்வுகள் நீண்ட காலமாகச் சொல்லிவருகின்றன.

அந்தப் புண் எப்படி வந்தது என்று கேட்டால் வார்டிலும் வீட்டிலும் தெருவிலும் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "அவ சுத்தமா இல்ல." இந்தப் பதில் பெரும்பாலும் பொய். அந்தப் பொய்யில் சாதியின் வாடை அடிக்கிறது. அதனால்தான் ஓர் ஊசியைப் பற்றி இந்தத் தளத்தில் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பொது சுகாதாரத்தின் சமூக வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள். இங்கே நான் சொல்லும் மருத்துவச் செய்திகள் எல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே அச்சில் வந்தவை. அவை பிரசவ வார்டின் கடைசிக் கட்டில்வரை வந்து சேரவில்லை என்பதுதான் பிரச்சினை.

ஊசியின் நேரம்

நம் எல்லோருடைய தோலிலும் கிருமிகள் இருக்கின்றன. நாளைக்கு இரண்டு வேளை குளிப்பவர் தோலிலும் இருக்கின்றன, பூஜை அறைக்குள் மடியாக நுழைகிறவர் தோலிலும் இருக்கின்றன. பெண்ணின் பிறப்புறுப்புப் பாதையில் கிருமிகள் வாழ்வதும் இயல்பானதே. அது நோயும் அல்ல, அழுக்கும் அல்ல. தோலும் கருப்பையும் கத்தியால் திறக்கப்படும்போது இந்தக் கிருமிகள் தாங்கள் இருக்கக் கூடாத இடத்துக்குப் போய்விடுகின்றன. அவை அங்கே போய்ச் சேரும் நேரத்தில் திசுக்களில் மருந்து ஏற்கெனவே காத்திருந்தால் தொற்று தலையெடுக்காது. கிருமிகள் வேர் பிடித்த பிறகு வந்து சேரும் மருந்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் 1961இலேயே கினிப் பன்றிகளை வைத்து இதைக் காட்டினார். கிருமி உள்ளே போன பிறகு சுமார் மூன்று மணி நேரம் கடந்துவிட்டால் தடுப்பு மருந்தால் பயனில்லை. 1992இல் சால்ட் லேக் சிட்டியில் ஒரு மருத்துவமனையில் 2,847 அறுவைச் சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்தார்கள். கத்தி படுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 விழுக்காட்டினருக்கே புண்ணில் தொற்று வந்தது. ஆபரேஷன் தொடங்கி மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பெற்றவர்களில் அது 3.3 விழுக்காடு. நேரம் மட்டும் தவறியதற்கு இத்தனை மடங்கு விலை.

சிசேரியனில் மட்டும் இந்த விதி நெடுங்காலம் பின்பற்றப்படவில்லை. குழந்தையை எடுத்துத் தொப்புள் கொடியைக் கவ்வியால் இறுக்கிய பிறகே தாய்க்கு ஊசி போட்டார்கள். மருந்து குழந்தைக்குப் போய்விடும், குழந்தைக்குத் தொற்று இருந்தால் அதன் அறிகுறிகளை மறைத்துவிடும் என்ற அச்சமே காரணம். அச்சம் நியாயமானதுதான். அதனால்தான் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 5,041 பெண்கள் பங்கேற்ற 10 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2014இல் வெளியானது. கொடியை இறுக்கிய பிறகு போடுவதைவிட, கத்தி படுவதற்கு முன்பு போட்டால் தாய்க்கு வரும் தொற்றுகள் 43 விழுக்காடு குறைகின்றன என்றது அது. குழந்தைகளுக்குக் கூடுதல் தீங்கு எதுவும் தென்படவில்லை. அதே ஆண்டு வெளியான இன்னொரு தொகுப்பு, 15,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற 95 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. சிசேரியனில் தடுப்பு ஊசி போட்டால், போடாததைக் காட்டிலும், புண் தொற்று, கருப்பைத் தொற்று, கடுமையான தொற்றுச் சிக்கல்கள் எல்லாம் 60 முதல் 70 விழுக்காடு குறைகின்றன என்பது அதன் முடிவு.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2010இலும், பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011இலும், உலக சுகாதார நிறுவனம் 2015இலும் ஒரே முடிவுக்கு வந்தன. திட்டமிட்ட சிசேரியனோ அவசர சிசேரியனோ, எல்லாப் பெண்களுக்கும் கத்தி படுவதற்கு முன்பே தடுப்பு ஊசி போட வேண்டும். பெரும்பாலானோருக்கு ஒரே ஒரு தவணை போதும். அதற்குப் பரவலாகப் பயன்படும் மருந்து செஃபாசோலின், வழக்கமான அளவு 2 கிராம். 1970களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து, விலை குறைவு, இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. பென்சிலின் வகைக்குக் கடும் ஒவ்வாமை இருப்பவர்களுக்கு மாற்று மருந்துகள் உண்டு. ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ இரத்தப்போக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனாலோ இன்னொரு தவணை தேவைப்படும். வலி தொடங்கிய பிறகோ பனிக்குடம் உடைந்த பிறகோ சிசேரியன் செய்தால், இதோடு அசித்ரோமைசினையும் சேர்ப்பது தொற்றை 12 விழுக்காட்டிலிருந்து 6.1 விழுக்காடாகக் குறைத்தது என்று அமெரிக்காவின் 14 மருத்துவமனைகளில் 2,013 பெண்களிடம் நடந்த ஆய்வு 2016இல் காட்டியது.

இவ்வளவுதான் விஷயம். பெரிய கருவி வேண்டாம், புதுக் கட்டடம் வேண்டாம். சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம்.

ஐந்து நாள் ஊசி யாருக்கு?

நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் நடப்பதோ வேறு. ஆபரேஷன் முடிந்த பிறகு மூன்று நாள், ஐந்து நாள், சில இடங்களில் ஏழு நாள் என்று காலையும் மாலையும் ஊசி. கூடவே இரண்டாவது, மூன்றாவது மருந்து. வீட்டுக்குப் போகும்போது கையில் மாத்திரை அட்டை. மருத்துவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒளிவுமறைவின்றியே சொல்வார்கள்: "வார்டு இருக்கிற நிலையைப் பாருங்க, கூட்டத்தைப் பாருங்க. ஒரு டோஸோட விட எங்களுக்குப் பயமா இருக்கு."

அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பதில் எதை ஒப்புக்கொள்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வார்டு சுத்தமாக இல்லை. படுக்கை விரிப்பு போதவில்லை. செவிலியர் போதவில்லை. அந்தக் குறைகளையெல்லாம் தாயின் இரத்தத்தில் மருந்தாக ஏற்றிச் சரிக்கட்டப் பார்க்கிறோம். இது பலிப்பதும் இல்லை. தையல் போட்டு மூடிய பிறகு தடுப்பு மருந்தை நீட்டிப்பதால் தொற்று குறைவதில்லை என்பதால், அதைத் தொடர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஏற்கெனவே தொற்று வந்துவிட்ட தாய்க்குக் கொடுப்பது சிகிச்சை. அதை முழுமையாகக் கொடுக்கத்தான் வேண்டும். தொற்றே இல்லாத தாய்க்கு நாள்கணக்கில் போடுவதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இதற்கு விலையும் உண்டு. செஃபாசோலின் போன்ற எளிய மருந்துக்குப் பதில் செஃப்ட்ரையாக்சோன் போன்ற வீரியமான மருந்துகள் புழங்கும்போது கிருமிகள் அவற்றுக்குப் பழகிவிடுகின்றன. டெல்லியின் மூன்று மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், பச்சிளம் குழந்தைகளின் இரத்தத் தொற்றுக்குக் காரணமான அசினெட்டோபாக்டர் கிருமிகளில் 82 விழுக்காடு பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை என்று தெரியவந்தது. மருந்துக்கு அடங்காத கிருமி யாரைத் தாக்கும்? அதே நெரிசலான வார்டில், அதே கட்டிலில், நாளைக்கு வந்து படுக்கப்போகும் ஏழைப் பெண்ணையும் அவள் குழந்தையையும்தான்.

ஆக, முன்னால் போட வேண்டிய ஒரு தவணையின் நேரத்தை யாரும் கண்காணிப்பதில்லை. பின்னால் தேவையில்லாத பத்துத் தவணைகள் தவறாமல் போகின்றன.

யாருடைய கை சுத்தம்?

பிரசவத் தொற்றின் வரலாற்றிலேயே "சுத்தம்" என்ற சொல்லின் அரசியல் பொதிந்திருக்கிறது. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், இரண்டாவதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். இரண்டுக்கும் வந்தவர்கள் ஏழைப் பெண்கள். 1846இல் முதல் பிரிவில் 100க்கு 11 பேருக்கும் மேல் இறந்தார்கள், இரண்டாம் பிரிவில் 3 பேருக்கும் குறைவாக. இது ஊருக்கே தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள்.

பிணவறையில் பிணங்களை அறுத்துவிட்டு அதே கையோடு மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று இக்னாஸ் செம்மல்வைஸ் 1847இல் கண்டறிந்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18.3 விழுக்காடாக இருந்த சாவு ஜூனில் 2.2 விழுக்காடாக இறங்கியது. ஆனாலும் மருத்துவ உலகம் அவரை ஏற்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் இதே கருத்தை எழுதியிருந்தார். பிலடெல்பியாவின் புகழ்பெற்ற மகப்பேறு பேராசிரியர் சார்லஸ் மெய்க்ஸ் அதைக் கடுமையாக மறுத்தார். மருத்துவர்கள் கனவான்கள், கனவான்களின் கைகள் சுத்தமானவை என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம்.

இந்த வாதம் நமக்குப் புதிதா? பிறப்பால் சிலர் சுத்தம், பிறப்பால் சிலர் அசுத்தம் என்று வகுத்து வைத்ததுதானே சாதி? இங்கே பிரசவமே தீட்டு. பெற்றவள் தீட்டு, பிறந்தது தீட்டு, கொடி அறுக்கும் கை தீட்டு. அதனால்தான் அந்த வேலை வட இந்தியாவில் "தாயி" எனப்பட்ட தலித் பெண்கள் தலையிலும், தமிழ்நாட்டில் நாவிதர் சமூகத்து மருத்துவச்சிகள் தலையிலும் சுமத்தப்பட்டது. உயிரை வெளியே எடுத்துக் கொடுக்க அவர்கள் கை வேண்டும், எடுத்துக் கொடுத்த பிறகு அதே கை தீண்டத்தகாதது. 1885இல் டஃபரின் நிதியும் 1903இல் விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதியும் வந்தபோது, பிரசவச் சாவுகளுக்கெல்லாம் "அழுக்கான, அறியாமை நிறைந்த" மருத்துவச்சியே காரணம் என்ற பேச்சு பெருகியது. மருத்துவச்சியின் கையில் கிருமி இல்லை என்று நான் சொல்லவில்லை. கழுவாத அரிவாளால் கொடி அறுத்ததில் குழந்தைகள் இறந்தது உண்மை. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கொதிநீரும் சோப்பும் பயிற்சியும் கூலியும் கொடுக்காத ஊரை யாரும் அழுக்கு என்று சொல்லவில்லை. சந்தேகம் எப்போதும் கீழே இருக்கும் கையின் மீதே விழுகிறது.

கிருமிக்கும் தீட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். கிருமி எல்லாக் கைகளிலும் இருக்கும், கழுவினால் போகும். தீட்டு சிலர் மீது மட்டும் ஒட்டப்படும், எதைக் கொண்டு கழுவினாலும் போகாது. தீட்டைச் சுத்தம் என்று நினைத்துப் பழகிய ஒரு சமூகம் கிருமியைப் பற்றி அறிவியலாக யோசிக்கத் திணறுகிறது. நோயாளியின் தெருவைப் பார்க்கிறது, தியேட்டர் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

1855இல் முக்தா சால்வே என்ற 14 வயது மாங் சாதிச் சிறுமி, சாவித்திரிபாய் - ஜோதிராவ் புலே இணையரின் பள்ளி மாணவி, மராத்தியில் ஒரு கட்டுரை எழுதினார். ஞானோதயா இதழில் அது வெளிவந்தது. மாங், மகர் பெண்கள் தலைக்கு மேல் கூரைகூட இல்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறுவதை அதில் எழுதினார். பிரசவத்தில் நோய் வந்தால் மருத்துவருக்கும் மருந்துக்கும் பணத்துக்கு எங்கே போவார்கள் என்று கேட்டார். அந்தப் பெண்கள் ஏன் சுத்தமாக இல்லை என்று அவர் கேட்கவில்லை. அவர்களுக்கு உரியதை யார் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். 170 ஆண்டுகள் கழித்தும் நமக்குத் தேவையான கேள்வி அதுதான்.

"எந்தத் தெரு?"

என் சித்தி மகளுக்கு ஓர் அரசு மருத்துவமனையில் சிசேரியன் ஆனது. ஒன்பதாம் நாள் தையலின் ஓரத்தில் சீழ் வைத்து மறுபடி சேர்த்தோம். கட்டு மாற்ற வந்த செவிலியர் முதலில் ஊரைக் கேட்டார். சொன்னதும், "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார். தங்கை தெருவின் பெயரைச் சொன்னாள். "அதானே பார்த்தேன். வீட்டைச் சுத்தமா வெச்சுக்கணும்மா. தினம் குளிக்கிறியா இல்லையா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, கட்டு மாற்றும்போது கை அத்தனை மெதுவாக இருந்தது. தான் ஒரு சாதிக் கேள்வியைக் கேட்டதாகவே அவருக்குத் தோன்றியிருக்காது.

தங்கை என் பக்கம் திரும்பி, "அக்கா, நான் தினம் வெந்நீர்ல துடைச்சுக்கிட்டுதான இருந்தேன்" என்று அழுதாள். நான் அவளுடைய கேஸ் ஷீட்டைப் பார்க்கக் கேட்டேன். இரண்டு நாள் அலைந்த பிறகு காட்டினார்கள். மருந்தின் பெயர் இருந்தது. எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்ற கட்டம் காலியாக இருந்தது. மயக்க மருந்து கொடுத்த நேரம், குழந்தை பிறந்த நேரம், குழந்தையின் எடை எல்லாம் கிராம் சுத்தமாக எழுதப்பட்டிருந்தன. கத்தி படுவதற்கு முன் ஊசி போட்டார்களா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. போட்டிருக்கலாம், போடாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அவள் குளித்தாளா என்று மட்டும் நான்கு பேர் விசாரித்தார்கள்.

இரண்டாவது முறை தையல் போட்டு வீடு திரும்ப 17 நாள் ஆனது. அவள் கணவர் சித்தாள் வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தார். பச்சைக் குழந்தை பாட்டியிடம் இருந்தது. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசில்லை, ஆனால் அந்த 17 நாளுக்கான கடன் இன்னும் இருக்கிறது.

இது ஒரு குடும்பத்தின் கதை. ஆனால் "எந்தத் தெரு" என்ற கேள்வி பல குடும்பங்களுக்குத் தெரிந்த கேள்வி. குஜராத்திலும் ராஜஸ்தானிலும் தலித் குழந்தைகள் மருத்துவ வசதி பெறும் விதத்தை ஆராய்ந்த சங்கமித்ரா ஆச்சார்யா, தொடுவதைத் தவிர்ப்பது முதல் மருந்து கொடுக்கும் முறைவரை பாகுபாடு எப்படி நுழைகிறது என்று பதிவு செய்திருக்கிறார். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் தொடாமல் விடுவதாக வராது, அறிவுரையாக வரும்.

தியேட்டரைக் கழுவும் கைகள்

தொற்றைத் தடுப்பது ஊசி மட்டும் அல்ல. கருவிகளைச் சரியாகக் கிருமி நீக்கம் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஆபரேஷனுக்குப் பிறகும் தியேட்டரைத் துடைக்க வேண்டும். விரிப்பை மாற்ற வேண்டும். தோலை ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் கொண்டு துடைக்க வேண்டும். சவரக் கத்தியால் மழிக்கவே கூடாது, அது தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கித் தொற்றுக்கு வழிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஆனாலும் ஆபரேஷனுக்கு "ரெடி" பண்ணுவது என்ற பெயரில், பிளேடால் அவசர அவசரமாக, மறைப்புகூட இல்லாமல் மழித்துவிடும் வழக்கம் பல இடங்களில் இன்னும் போகவில்லை.

இந்த வேலைகளில் பாதியைச் செய்கிறவர்கள் யார்? ஒப்பந்த நிறுவனம் வழியாக வரும் தூய்மைப் பணியாளர்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள். தொற்றுக் கட்டுப்பாட்டுப் பயிற்சி என்று வந்தால் நாற்காலி மருத்துவருக்கும் செவிலியருக்கும்தான், துடைப்பம் பிடிப்பவருக்கு இல்லை. கையுறை எண்ணித்தான் கொடுப்பார்கள். ஒரு பெண்ணின் கருப்பையைக் கிருமியிலிருந்து காக்கும் சங்கிலியில் இவரும் ஒரு கண்ணி என்று யாரும் இவரிடம் சொல்வதில்லை. சொன்னால் அதற்கேற்ற ஊதியமும் நிரந்தரப் பணியும் கொடுக்க வேண்டிவரும் அல்லவா?

"இதில் சாதி எங்கே வந்தது?"

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். ஒன்று, மருத்துவர்கள் தரப்பிலிருந்து. ஒரே இரவில் பத்துப் பதினைந்து சிசேரியன் செய்கிறவர்களிடம் நிமிடக் கணக்குக் கேட்பது நியாயமா? வேலைச் சுமை உண்மை. போதிய மருத்துவர்களையும் செவிலியர்களையும் நியமிக்க வேண்டும் என்பதும் நம் கோரிக்கைதான். ஆனால் இந்த ஊசி சுமையைக் கூட்டாது. கத்தி வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் நின்று, கடந்த 60 நிமிடத்துக்குள் தடுப்பு மருந்து கொடுக்கப்பட்டதா என்று உரக்கக் கேட்கச் சொல்லும் அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே வெளியிட்டது. பிரசவ அறைகளின், மகப்பேறு தியேட்டர்களின் தரத்துக்கென்றே ஒன்றிய அரசு 2017 டிசம்பரில் லக்ஷ்யா திட்டத்தைத் தொடங்கியது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒட்டி வைத்திருக்கும் தாளைப் படித்து, பதிலை எழுதி வைத்தால் போதும். ஒரு தொற்றைத் தடுத்தால் மறு தையலும் 17 நாள் கட்டிலும் மிச்சம்.

இன்னொரு மறுப்பு நம் நண்பர்களிடமிருந்தே வரும். கிருமிக்குச் சாதி தெரியாது, எல்லாவற்றிலும் சாதியை இழுக்கலாமா? கிருமிக்குச் சாதி தெரியாது என்பது சரி. அதனால்தான் எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பு வேண்டும் என்கிறோம். தியேட்டர் நடைமுறையை யாரும் சரிபார்க்காதபோது, கேட்கத் தெரிந்தவருக்கும் தெரிந்த ஆளை வைத்திருப்பவருக்கும் அது ஒழுங்காக நடக்கும். மற்றவர்களுக்கு அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. புண் வந்த பிறகு பழி யார் மீது போகிறது என்பதில் அதிர்ஷ்டத்துக்குக்கூட இடமில்லை.

எண்ணப்படாத புண்கள்

தாய்மார் இறப்பைக் குறைத்ததில் தமிழ்நாடு பெருமைப்படலாம். 2018-20இல் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. ஒவ்வொரு சாவையும் எண்ணி, ஏன் நடந்தது என்று விசாரித்ததுதான் இந்தச் சாதனைக்கு ஒரு முக்கியக் காரணம். எண்ணியதால் குறைந்தது. புண்களை நாம் எண்ணுவதில்லை. ஆபரேஷன் ஆன 30 நாளுக்குள் வரும் தொற்றை அறுவைச் சிகிச்சைத் தொற்றாகக் கணக்கிட வேண்டும் என்பது உலக நடைமுறை. சிசேரியன் தொற்றுகளில் பெரும்பங்கு டிஸ்சார்ஜ் ஆன பிறகே தலைகாட்டுகிறது. ஆனால் டிஸ்சார்ஜ் அன்றோடு மருத்துவமனைப் பதிவேடு மூடிவிடுகிறது. அதன் பிறகு வரும் சீழ் அவள் வீட்டுச் சீழ், அவள் தெருச் சீழ்.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. ஒவ்வொரு சிசேரியன் டிஸ்சார்ஜ் தாளிலும் தடுப்பு ஊசியின் பெயர், அளவு, போட்ட நேரம், கத்தி பட்ட நேரம் நான்கும் தமிழில் இருக்க வேண்டும். தொற்று இல்லாதவர்களுக்கு நாள்கணக்கில் மருந்து ஏற்றும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் பிக்மி எண் இருக்கிறது, கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வருகிறார். அந்த வருகையில் 30ஆம் நாள்வரை தையலைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனை வாரியாக அந்த எண்களை வெளியிட வேண்டும், தனியார் மருத்துவமனைகளையும் சேர்த்து. தியேட்டரிலும் பிரசவ வார்டிலும் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்களை நிரந்தரமாக்கி, தொற்றுத் தடுப்புக் குழுவில் உறுப்பினர்களாக்க வேண்டும். புண்ணோடு வரும் பெண்ணிடம் ஊரையும் தெருவையும் கேட்பதற்கு முன், அவள் கேஸ் ஷீட்டில் நேரம் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா விவாதத்துக்கு வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் சுமையை அரசும் ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். பிள்ளைப்பேறு ஒரு பெண்ணின் வீட்டு விவகாரம் அல்ல, பொது விவகாரம் என்று அவர் அன்றே நிறுவினார். அப்படியானால் அவள் வயிற்றுத் தையலும் பொது விவகாரம்தான்.

இதைப் படிக்கும் தோழர்களில் பலருக்கு வீட்டில் அக்காவோ தங்கையோ இணையரோ பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கலாம். சிசேரியன் என்று முடிவானால் தயங்காமல் கேளுங்கள்: "தடுப்பு ஊசி கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி போடுவீங்களா? நேரத்தை எழுதுவீங்களா?" சண்டைக்கான கேள்வி அல்ல இது, உரிமைக்கான கேள்வி. உங்கள் வீட்டுப் பெண்ணுக்காகக் கேட்டுவிட்டு, பக்கத்துக் கட்டிலில் கேட்க ஆளில்லாமல் படுத்திருக்கும் பெண்ணுக்காகவும் ஒருமுறை கேளுங்கள்.